அழித்தலும் திரும்ப எழுதுதலும்: சி டிரைவ், டி டிரைவ் குறித்துச் சில குறிப்புகள்

1

'ஃபார்மட் அடிச்சுடலாம்' என்பது நம் காலத்தின் மிகச் சாதாரணமான வாக்கியங்களில் ஒன்று. கம்ப்யூட்டர் மந்தமாக ஓடுகிறதா, வைரஸ் புகுந்துவிட்டதா, திறக்கும்போதே நின்றுபோகிறதா, எல்லா நோய்க்கும் கடைசி மருந்து இதுதான். ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துவிட்டு ஓஎஸ்ஸைப் புதிதாகப் போடுவது. இந்த வாக்கியத்துக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஃபார்மட் செய்தால் இருந்ததெல்லாம் அழிந்துவிடும் என்பது ஒன்று. 'சிஸ்டம்' வேறு, அதில் நாம் எழுதி வைத்தது வேறு, முன்னதை அழித்தாலும் பின்னது பத்திரமாக இருக்கும் என்பது மற்றது. முதல் நம்பிக்கை தவறு என்பதைக் கம்ப்யூட்டர் படித்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இரண்டாவது தவறு என்பதைப் பற்றி நம்மில் யாரும் அதிகம் பேசியதில்லை. பேச வேண்டியவர்கள் எழுத்தோடும் பிரதியோடும் மாரடிக்கும் நாம்தான் என்று எனக்குப் படுகிறது.

2

ஹார்ட் டிஸ்க் என்பது காந்தப் பூச்சு பூசிய வட்டத் தகடுகள். அதன் பரப்பு செக்டர் எனப்படும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பழைய டிஸ்க்குகளில் ஒரு செக்டரின் கொள்ளளவு 512 பைட். நாம் ஒரு கட்டுரையைச் சேமிக்கும்போது அங்கே இரண்டு எழுத்துச் செயல்கள் நடக்கின்றன. கட்டுரை சில செக்டர்களில் எழுதப்படுகிறது. அதன் பெயர் என்ன, எந்தெந்த செக்டர்களில் இருக்கிறது என்ற விவரம் தனியாக ஓர் அட்டவணையில் எழுதப்படுகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இந்த அட்டவணைக்கு 'மாஸ்டர் ஃபைல் டேபிள்' என்று பெயர்.

ஒரு ஃபைலை டெலிட் செய்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தால் அட்டவணையில் அந்தப் பதிவு 'பயன்பாட்டில் இல்லை' என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கும். வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை இருக்கும். விண்டோஸ் போடும்போது செய்யப்படும் விரைவு ஃபார்மட்டும் இதேதான். பழைய அட்டவணையை விட்டுவிட்டுப் புதிதாக வெற்று அட்டவணை ஒன்றை எழுதிவைக்கிறது. நூலகத்தின் பட்டியல் அட்டைகளைக் கொளுத்திவிட்டு 'இங்கே புத்தகமே இல்லை' என்று அறிவிப்பதைப் போல. அலமாரியில் புத்தகங்கள் அப்படியே நிற்கும். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி வரை, மணிக்கணக்கில் ஓடும் 'முழு ஃபார்மட்'கூடப் பழுதான செக்டர்கள் உள்ளனவா என்று சோதித்ததே தவிர எழுத்தை அழிக்கவில்லை. அடுத்து வந்த விஸ்டாவிலிருந்துதான் முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் சுழியங்களை எழுதத் தொடங்கியது.

இதன் விளைவை 2003-இல் எம்ஐடியைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் இருவரும் காட்டினார்கள். பழைய சாமான் சந்தையில் 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிப் பார்த்தார்கள். 129 ஓடின. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் கடன் அட்டை எண்களும் மருத்துவக் குறிப்புகளும் அந்தரங்கக் கடிதங்களும் கிடந்தன. விற்றவர்களில் பலர் அழித்துவிட்டதாகவே நம்பியிருக்க வேண்டும்.

திருவிழாக் கடையில் விற்கும் மேஜிக் ஸ்லேட்டை நாம் எல்லோரும் கையில் வைத்து விளையாடியிருக்கிறோம். எழுதிவிட்டுத் தாளைத் தூக்கினால் எழுத்து மறைந்துவிடும். அடியிலுள்ள மெழுகில் கீறல் மட்டும் தங்கியிருக்கும். ஃப்ராய்ட் 1925-இல் மனதின் நினைவு அமைப்பை இந்தப் பலகையோடு ஒப்பிட்டார். தெரிதா 1966-இல் அதை எடுத்துக்கொண்டு 'சுவடு' பற்றிய தம் வாதத்தை வளர்த்தார். விரைவு ஃபார்மட் செய்த ஹார்ட் டிஸ்க் இந்த மெழுகுப் பலகைதான். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சுவடு எப்போதும் மிஞ்சும் என்பதைப் பௌதிக விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு செக்டரின் மேல் ஒரே ஒருமுறை சுழியங்களை எழுதிவிட்டால், இன்றைய டிஸ்க்கில் அடியில் இருந்ததை மீட்க நடைமுறையில் வழியில்லை. முப்பத்தைந்து முறை எழுத வேண்டும் என்ற பேச்சு பீட்டர் குட்மன் 1996-இல் அக்காலத்து டிஸ்க்குகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. இன்று அது தேவையில்லை. கோட்பாட்டை வைத்துக்கொண்டு டிஸ்க்கை வாசிக்க முயன்றால் கையைச் சுட்டுக்கொள்வோம். நான் சுட்டுக்கொண்டேன்.

3

2015-இல் நண்பர் ஒருவர், வயதில் மூத்தவர், தம் பழைய கம்ப்யூட்டரை என்னிடம் கொண்டுவந்தார். பல ஆண்டுகள் ஒரு சிறுபத்திரிகையை அதில்தான் பேஜ்மேக்கரில் வடிவமைத்திருந்தார். பத்திரிகை நின்று ரொம்ப நாளாகியிருந்தது. 80 ஜிபி டிஸ்க், எக்ஸ்பி.

'தோழர், சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஃபார்மட் அடிச்சு செவன் போட்டுக் குடுத்துடுங்க.'

'டேட்டாவெல்லாம் எங்க இருக்கு?'

'எல்லாம் டி-லதான். சி-ல ஒண்ணும் இல்ல.'

தமிழ்நாட்டின் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் இந்த உரையாடல் தினமும் நடக்கும். டிஸ்க்கை வாங்கிய உடனே இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். சி-யில் விண்டோஸ், டி-யில் நம் சரக்கு. சி போனாலும் டி இருக்கும். சி என்பது கருவி, டி என்பது பொருள். யோசித்துப் பார்த்தால் இது நம் விமர்சன மரபு ஐம்பது, அறுபது ஆண்டுகள் அடித்துக்கொண்ட உருவம் / உள்ளடக்கம் என்ற இருமை எதிர்வின் கடைத்தெரு வடிவம். உள்ளடக்கம்தான் முக்கியம், உருவத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற கட்சி ஹார்ட் டிஸ்க்கில் வெற்றி பெற்றிருக்கிறது.

நானும் அந்தக் கட்சிக்காரனைப் போலத்தான் நடந்துகொண்டேன். டி-யைத் தொடவில்லை. அதற்கு பென்டிரைவில் பேக்கப்பும் எடுத்தேன். சி-யை ஃபார்மட் செய்து விண்டோஸ் 7 போட்டேன். கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது. பிறகு டி-யில் இருந்த ஒரு கட்டுரையைத் திறந்தேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

நடந்தது இதுதான். யூனிகோடு பரவலாவதற்கு முன்பு தமிழ் ஃபாண்டுகள் எல்லாம் ஒரு வேஷத்தைப் போட்டுத்தான் இயங்கின. கம்ப்யூட்டர் சேமித்தது ஆங்கிலக் குறிகளை. அந்தக் குறிகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டியது ஃபாண்ட். பாமினியில் 'நான்' என்று அடித்தால் டிஸ்க்கில் பதிவது இ, எச், டி என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். வேறொரு நிறுவனத்தின் ஃபாண்டில் அதே நான்கு குறிகள் வேறெதையோ காட்டும். சசூரின் மொழியில் சொன்னால் குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்குமான உறவு இடுகுறித்தன்மை கொண்டது மட்டுமல்ல, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தாலும், விண்டோஸ் 2000-இல்தான் அதைக் காட்டும் லதா ஃபாண்ட் வந்தது. எக்ஸ்பியில்கூட அந்த வசதியைத் தனியாகத் தேர்ந்தெடுத்து நிறுவ வேண்டியிருந்தது. டிடிபி உலகம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பழைய ஃபாண்டுகளிலேயே ஓடியது.

ஃபாண்டுகள் எங்கே இருக்கும்? சி-யில், விண்டோஸ் ஃபோல்டருக்குள், ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டரில். 'சி-ல ஒண்ணும் இல்ல' என்று நண்பர் சொன்னதும் நான் நம்பியதும் அந்த இடத்தைத்தான். டி-யில் இருந்த ஒரு பைட்டும் அழியவில்லை. ஆனால் படிக்க எதுவும் மிஞ்சவில்லை. அழிந்தது எழுத்தல்ல, வாசிப்பு.

4

உடனே கம்ப்யூட்டரை நிறுத்தினேன். இந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் விண்டோஸ் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும், அது எந்தச் சுவட்டின்மேல் விழும் என்று சொல்ல முடியாது. டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். இது அட்டவணையைப் பார்ப்பதில்லை. செக்டர் செக்டராகப் போய், 'ஒரு ஃபாண்ட் ஃபைல் இப்படித்தான் தொடங்கும்' என்பது போன்ற தலைப்பு அடையாளங்களை வைத்துத் தேடுகிறது. பெயர் கிடைக்காது, உடல் மட்டும் கிடைக்கும். நூற்றுக்கணக்கான அநாமதேய ஃபாண்டுகள் வந்து விழுந்தன. அவற்றில் பத்திரிகையின் தலைப்புக்குப் பயன்பட்ட இரண்டு இருந்தன. உள்ளே கட்டுரைகளை அச்சிட்ட ஃபாண்ட் இல்லை. அதன்மேல் விண்டோஸ் 7 உட்கார்ந்திருந்தது. அதைச் செய்து விற்ற சிறு நிறுவனமும் எப்போதோ மூடப்பட்டிருந்தது.

அச்சில் வந்த இதழ்களுக்கு நஷ்டமில்லை, தாளில் இருக்கின்றன. பிரச்சினை வராமல்போன கடைசி இதழ். அதற்காக ஒரு தெருக்கூத்துக் கலைஞரிடம் நண்பர் எடுத்த நீண்ட பேட்டி அதில் இருந்தது. ஒலிநாடா கெட்டுப்போய்விட்டது. கலைஞர் இறந்துவிட்டார். இருந்த ஒரே பிரதி இந்த அரைப்புள்ளிக் கூட்டம்தான்.

தமிழ் எம்.ஏ.வில் சுவடிப் பாடம் எடுத்தபோது எதற்கு இது என்று நினைத்ததுண்டு. ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே வடிவம். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு கிடையாது. எழுத்து முழுக்கக் கண்முன் இருந்தாலும், எப்படி வாசிப்பது என்பது ஓலையில் இல்லை. அது வாசிப்பவரிடம், அவர் கற்ற மரபில், கையிலுள்ள வேறு பிரதிகளில் இருக்கிறது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. செய்ததில் பெரும்பகுதி அந்த வாசிப்பை மீட்டதுதான்.

எனக்கும் ஒப்பிடுவதற்கு ஒரு பிரதி இருந்தது. பழைய இதழ் ஒன்றின் அச்சுப் பிரதியையும் அதன் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரு குறி, ஒரு வடிவம். இந்தக் குறி ககரம், இது கொம்பு, இது 'ணை' என்ற பழைய கூட்டெழுத்து. மூன்று வாரத்தில் பட்டியல் தயாரானது. அதை வைத்துப் பேட்டியை யூனிகோடுக்கு மாற்றினேன். கலைஞரின் பேச்சு, அவருடைய வட்டார உச்சரிப்போடு, திரும்பி வந்தது. இரண்டு இடங்களில் வரும் ஒரு குறி மட்டும் எந்த இதழிலும் அச்சாகவில்லை. அங்கே ஒரு கட்டம் போட்டு விட்டிருக்கிறேன். யூகித்து நிரப்பலாம். ஆனால் நிரப்பினால் அது என் எழுத்தாகிவிடும்.

5

இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாம் யூனிகோடுதானே என்று கேட்கலாம். இல்லை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட முடியாது. எனவே பல பழைய கம்ப்யூட்டர்கள் துடைக்கப்படுகின்றன, லினக்ஸுக்கு மாறுகின்றன, எடைக்குப் போகின்றன. அச்சகங்களிலும் பதிப்பகங்களிலும் எழுத்தாளர்களின் வீடுகளிலும் இருக்கும் கம்ப்யூட்டர்களும் இதில் அடக்கம்.

மேலும், புதிய டிஸ்க்குகள் பழையவற்றைப் போலப் பொறுமையானவை அல்ல. எஸ்எஸ்டி-யில் எழுதிய இடத்தின்மேல் நேரடியாக எழுத முடியாது, முதலில் துடைக்க வேண்டும். அதனால் 'இந்த இடம் இனி தேவையில்லை' என்று ஓஎஸ் அதற்குச் சொல்லிவிடுகிறது. ட்ரிம் என்னும் இந்த ஏற்பாடு விண்டோஸ் 7-இலிருந்து உண்டு. விரைவு ஃபார்மட் செய்தாலே போதும், எஸ்எஸ்டி தானாகவே உள்ளே துடைக்கத் தொடங்கிவிடும். மெழுகுப் பலகை உவமை இங்கே செல்லாது. பூட்டும் இருக்கிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே சங்கேதமாக்கப்படுகிறது. 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லாமல் ஏதாவது கோளாறு வந்தால், ஒரு பைட்டும் அழியாமலே எல்லாம் போய்விடும்.

ஆகவே துடைப்பதற்கு முன் சில காரியங்கள். டி-யை மட்டுமல்ல, சி-யிலுள்ள ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் முழுதாக நகலெடுக்க வேண்டும். பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களை, அந்தக் கம்ப்யூட்டர் ஓடும்போதே திறந்து, ஃபாண்டுகளை உள்ளடக்கிய பிடிஎஃப்பாகச் சேமிக்க வேண்டும். முடிந்தவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எந்த ஃபைல் எந்த ஃபாண்டில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும், மீட்புச் சாவியையும்தான். எல்லாவற்றையும்விட எளிய வழி, பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல் கழற்றி வைத்துவிட்டுப் புதிய டிஸ்க்கில் ஓஎஸ் போடுவது. விற்கும் டிஸ்க்கை மட்டும் சுழியத்தால் முழுக்கத் துடைத்துக் கொடுங்கள்.

நண்பரின் கம்ப்யூட்டருக்கு வேறு டிஸ்க் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அந்த 80 ஜிபி டிஸ்க் என் அலமாரியில், நான் போட்ட பட்டியலின் அச்சுப் பிரதியோடு, ஒரு உறைக்குள் இருக்கிறது. பேட்டியைப் படித்துவிட்டு நண்பர் கேட்டார்: 'அந்தக் கட்டம் போட்ட எடத்துல என்ன தோழர் இருக்கும்?' பதில் அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும், அடித்தவர் அவர். அவருக்கும் நினைவில்லை.