துப்பாக்கியைத் துலக்குங் காலம்

கீழ்பென்னாத்தூர் என்பது திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளதோர் ஊர். நெல்லும் நிலக்கடலையும் விளையும் இத்தகைய ஊர்ப்புறங்களில், காட்டுப்பன்றியை வெருட்டுதற்பொருட்டு உரிமம் பெற்று நாட்டுத் துப்பாக்கி வைத்திருத்தல் நெடுநாள் வழக்கம். அதனை எத்துணை நாட்களுக்கு ஒருமுறை துலக்குதல் வேண்டும் என்று வினவின், மாதம் ஒருமுறை என்பார் சிலர். ஆயுத பூசையன்று துடைத்துப் பொட்டிட்டால் போதும் என்பாரும் உளர். அந்நாள் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னர் வருதலின், அன்று துடைத்தல் நன்றே. ஆயினும் அது போதாது. நாட்கணக்கு ஈண்டு உதவாது. வெடித்த வேளையே கணக்கு.

ஏனெனில், நாட்டுத் துப்பாக்கிக்கு இடும் கருமருந்து, நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்தது. அஃது எரியுங்கால் பாதிக்குக் குறைவான பகுதியே ஆவியாகின்றது. எஞ்சியது புகையாகவும், குழலின் உட்புறத்தே கரிய பிசுக்காகவும் தங்குகின்றது. அப்பிசுக்கிலுள்ள உப்புக்கள் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்பின. மார்கழிப் பனியில் ஓரிரவு கிடந்தாலே இரும்பில் துரு அரும்பத் தொடங்கும். குண்டின்றி வெறுமருந்தை மட்டும் வெடிப்போர், துலக்குதற்கு யாதுளது என்று எண்ணுதல் கூடும். அழுக்கு மருந்தினின்று வருவதேயன்றிக் குண்டினின்று வருவதன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர்ப் பன்றியை விருப்பம்போல் சுடல் குற்றமாதலின், வெறுவெடி வெடிப்போர்க்கே இஃது மிகவும் உரியது.

இனி, எண்ணெய் மட்டும் பூசுவார் செய்யும் பிழை பெரிது. உப்பு நீரிற் கரையுமேயன்றி எண்ணெயிற் கரையாது. எண்ணெய்ப் படலத்தின் கீழே துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஆகலின் முதலில் வெந்நீரும் சவர்க்காரமும். பின்னர் உலர்ந்த துணி. ஈரம் அறவே நீங்கிய பின்னரே எண்ணெய். புகையிலா மருந்து 1884இல் பிரான்சு நாட்டு வியேல் என்பவரால் ஆக்கப்பட்ட பின்னும் இத்தொல்லை தீர்ந்தபாடில்லை. தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டியின் உப்பு குழலை அரித்தது. அதுபற்றியே ஆங்கிலேயப் படையினர் தம் துப்பாக்கிக் குழலிற் கொதிநீரை ஊற்றிக் கழுவினர். அவ்வுப்பில்லாத் தோட்டாக்கள் இந்நாளில் உள. அவற்றைப் பயன்கொள்வோர்க்கு அத்துணை விரைவு வேண்டா.

நிற்க. துலக்குமுன் மருந்து உள்ளே இல்லை என்று தேறுதல் உயிர்க்காவல். பன்றி வரும் என்று இரவில் கெட்டித்து வைத்து, வாராதொழியவே அப்படியே மூலையிற் சார்த்திவிடுவார் உண்டு. இடிகோலைக் குழலினுள் இட்டு, வாயளவில் விரலால் குறித்து, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி அளக்க. கோல் குழலின் அடிவரை எட்டாதாயின் உள்ளே ஏதோ உளது என்க. அதனைத் துணிந்து குடைதல் ஆகாது. அறிந்தார் கையிற் கொடுத்தலே தக்கது.

இன்னுமொன்று பலரும் கருதாதது. தேர்தற் காலங்களில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் பணிக்கின்றனர். 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் மார்ச்சு 16இல் அறிவிக்கப்பெற்று, வாக்கெண்ணிக்கை சூன் 4இல் நிகழ்ந்தது. இடைப்பட்டன எண்பது நாட்கள். பிசுக்கோடு ஒப்படைத்த துப்பாக்கி அத்தனை நாளும் தீண்டுவாரின்றிக் கிடக்கும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் மூன்றாண்டினின்று ஐந்தாண்டாக நீண்டது. துருவோ அவ்வளவு பொறுமையுடையதன்று. துருவால் மெலிந்த குழல் மருந்தின் விசையைத் தாங்காது பிளக்குமாயின், சுடுவோனின் கையும் கண்ணுமே முதலிற் சிதைவன. ஆதலின் ஒப்படைக்கும் முன்னாளே கழுவி எண்ணெயிடுக. திரும்பப் பெற்றதும் வெள்ளைத் துணியைக் குழலுட் செலுத்தி வாங்கிப் பார்க்க. செந்நிறம் படியுமாயின், துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டிய பின்னரே மருந்திடுக.