பழைய மின்முழவும் புதிய மிடியும்

திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் நீங்கள் வில்லுப்பாட்டுக் கேட்டிருப்பீர்கள். புலவர் வீசுகோலால் நாணை அடிக்கிறார். வில்லில் கட்டிய மணிகள் குலுங்கி ஒலிக்கின்றன. அடி விழுவது ஓரிடம், ஓசை எழுவது வேறிடம். வில்லுப்பாட்டு முடிந்து மெல்லிசைக் குழு மேடை ஏறினால் அங்கும் இதே கதைதான். ஒருவர் ரப்பர் போர்த்திய பலகையைக் குச்சியால் தட்டுகிறார். பலகையிலிருந்து வருவது வெறும் 'தட்'. ஒலிபெருக்கியிலோ டிரம் முழங்குகிறது! வில்லில் நடுவே பயணம் செய்தது அதிர்வு. இங்கே பயணம் செய்வது மின்சாரம்.

ஓர் ஆடி மாதத்தில், எனக்குத் தெரிந்த குழுக் கலைஞர் ஒருவர் இத்தகைய மின்முழவு ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருக்கும் என் வீட்டுக்கு வந்தார். 1980-களில் செய்யப்பட்டது. அறுகோண வடிவில் நான்கு பேடுகள்; ஓசையை உண்டாக்க ஓர் இரும்புப் பெட்டி. பெட்டியின் நான்கு வழிகளில் மூன்று ஊமையாகிவிட்டன. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கொடைக்கு இன்னும் பன்னிரண்டே நாள்.

"புதுசு வாங்க வசதியில்ல சார். பையன் லேப்டாப்புல எல்லா டிரம் சத்தமும் இருக்குன்னு சொல்லுதான். இந்தப் பேடை அதுல மாட்ட முடியுமா? முடியாதுன்னா பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்" என்றார்.

முதலில் ஒரு பேடின் அடிமூடியைத் திறந்தோம். உள்ளே இருந்தது ஒரு பித்தளை வட்டத் தகடு, அதன்மேல் வெள்ளைப் பீங்கான் படலம். திறந்தால் பாடும் வாழ்த்து அட்டையிலும் இதே தகடுதான் இருக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் இரு முகங்களுக்கிடையே மின்னழுத்தம் தோன்றும் என்று 1880-ல் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். (பியர் பின்னாளில் மேரி கியூரியை மணந்தவர்.) இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். பேடைத் தட்டினால் தகடு வளைகிறது. ஒரு கணம் மின்னழுத்தம் துள்ளி எழுந்து, நடுங்கி, அடங்குகிறது. பலமாக அடித்தால் அது பத்து, இருபது வோல்ட்டைக்கூடத் தாண்டும்.

பழைய பெட்டிக்கு இந்தத் துள்ளல் ஒன்றே போதும். துள்ளல் வந்ததும் உள்ளேயுள்ள அலையியற்றி ஓர் ஓசையை எழுப்பும். துள்ளல் உயர்ந்தால் ஓசையும் உயரும். லேப்டாப்புக்கோ துள்ளல் புரியாது, எண்தான் புரியும். ஆகவே எங்கள் வேலை கம்பியை நீட்டுவதன்று, மொழிபெயர்ப்பது.

இந்த மொழிச் சிக்கல் அந்தக் காலத்திலேயே இருந்தது. 1982-ல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்னும் திரையிசைக் கலைஞர், பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவர் பயன்படுத்திய ரோலண்ட் டி.ஆர்.-808 தாளப் பெட்டியும் டி.பி.-303 பாஸ் பெட்டியும் ஒரே நிறுவனத்தின் படைப்புகள். ஒன்று தாளம் போட மற்றது தவறாமல் பின்தொடரும்படி, கால் சுரத்துக்கு 24 துடிப்புகளைக் கம்பியில் அனுப்பும் ஏற்பாடு அவற்றில் உண்டு. ஆனால் கோர்க் நிறுவனத்தின் பெட்டிகள் எதிர்பார்த்தது 48 துடிப்புகள்! இரண்டையும் நேரே இணைத்தால் ஒன்று பாதி வேகத்தில் நடக்கும். நாதஸ்வரக்காரர் மேல்காலத்திலும் தவில்காரர் கீழ்காலத்திலும் வாசித்தால் எப்படியிருக்கும்?

ரோலண்டின் காகேஹாஷியும் அமெரிக்கப் பொறியாளர் டேவ் ஸ்மித்தும் முன்னின்று போட்டி நிறுவனங்களை ஒரு மொழிக்கு இணங்க வைத்தார்கள். 1983-ல் அது வெளிவந்தது. அதுதான் மிடி. இதில் ஓசை பயணம் செய்வதே இல்லை. ஓர் அடிக்கு மூன்று எண்கள் மட்டுமே போகின்றன. எடுத்துக்காட்டாக 153, 38, 100. முதல் எண் 'பத்தாம் வழியில் ஓர் ஒலியைத் தொடங்கு' என்பது. 38 என்பது ஸ்னேர் டிரம். 100 என்பது அடியின் வலிமை. வலிமைக்கு உச்சம் 127. ஏன் 255 இல்லை? எட்டு இரும இலக்கங்களில் ஒன்றை, 'இது கட்டளையா, அளவா' என்று காட்டுவதற்காக ஒதுக்கிவிட்டார்கள். மிஞ்சிய ஏழு இலக்கங்களில் 127 வரைதான் எண்ண முடியும்.

மிடியின் வேகம் விநாடிக்கு 31,250 இலக்கங்கள். ஓர் எண்ணுக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்த்துப் பத்து இலக்கங்கள். மூன்று எண்களுக்கு 30. வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 1 மில்லி விநாடி. அந்த நேரத்தில் ஒலி காற்றில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் நகரும். ஒலிபெருக்கியை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் வரும் தாமதம் இதைப்போல் மூன்று மடங்கு!

இங்கே ஓர் எச்சரிக்கை. 808-ன் துடிப்புக் கம்பிக்கும் மிடிக்கும் ஐந்து முனைச் செருகி ஒன்றேதான். வடிவம் ஒத்துப்போகிறதே என்று செருகாதீர்கள். மொழி வேறு, மின்னழுத்தம் வரும் முனைகளும் வேறு.

எங்கள் மொழிபெயர்ப்பாளர், இன்று பள்ளிக் கண்காட்சிகளில் நீங்கள் காணும் அர்டுயினோ வகை அட்டை. அது 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. எனவே ஒவ்வொரு பேடுக்கும் குறுக்கே 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்றும், அதிகப்படி மின்னழுத்தத்தை வடித்துவிடும் ஜீனர் டயோடு ஒன்றும் வைத்தோம். அட்டை மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரை அளக்கிறது. உச்சத்தை 8-ஆல் வகுத்தால் மிடியின் 127. யு.எஸ்.பி. கம்பி வழியே எண்கள் லேப்டாப்புக்குப் போயின. இவ்வளவும் ஓர் ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. மீதிப் பத்து நாளும் எங்கே போயின என்பதுதான் கதை.

முதல் நாள், ஓர் அடிக்கு நான்கு ஓசை கேட்டது. தகட்டின் நடுக்கத்தில் ஒவ்வோர் ஏற்றத்தையும் அட்டை புது அடியாக எண்ணிவிட்டது. 'ஓர் அடிக்குப் பின் 100 மில்லி விநாடி காது பொத்திக்கொள்' என்று கட்டளை எழுதினேன். கலைஞர் இரு கையாலும் உருட்டினார். பாதி அடிகளைக் காணோம்! அவர் சிரித்துவிட்டார். அவருடைய வேகம் விநாடிக்குச் சுமார் 16 அடி, அதாவது 60 மில்லி விநாடிக்கு ஒன்று. 30 என்று குறைத்தேன். உருட்டு முழுதாக வந்தது. இதை மேசையருகே உட்கார்ந்து கணக்குப் போட்டே கண்டிருக்கலாம். எனக்குத்தான் தோன்றவில்லை.

அடுத்த தொல்லை, இடப்பக்கப் பேடை அடித்தால் வலப்பக்கமும் முனகியது. நான்கும் ஒரே இரும்புச் சட்டத்தில் இருந்ததால் அதிர்வு தாவியது. ஒரே சமயத்தில் இரண்டு துள்ளல் வந்தால் சிறியதைத் தள்ளிவிடும்படி எழுதினோம். சட்டத்துக்கும் பேடுக்கும் இடையே சைக்கிள் டியூப் துண்டுகளை வைத்தோம். உண்மையில் பெரிய பலன் தந்தது டியூப்தான்.

பெட்டியில் உயிரோடிருந்த ஒரு வழியையும் அவர் விடவில்லை. 'டூம்' என்று மேலிருந்து கீழே சறுக்கும் அந்த ஓசை லேப்டாப்பில் சரியாக வரவில்லை என்றார். அவர் காது சொன்னது சரி. அதனால் அந்த ஒன்றுக்கு மட்டும் எதிர்த்திசையில் மொழிபெயர்த்தோம்: மிடி எண் வந்ததும் அட்டை ஒரு குறுந்துடிப்பைப் பழைய பெட்டிக்கு அனுப்பும். (பெட்டியின் மின்வழங்கியை நீங்கள் திறக்க வேண்டாம். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள மின்தேக்கிகள் அதிர்ச்சி தரும்.)

கொடை இரவில் புதிதாக ஒன்று நேர்ந்தது. மேடைப் பலகை மேலேயே பெரிய பாஸ் பெட்டிகளை வைத்திருந்தார்கள். பலகை அதிர, யாரும் தொடாமலே பேடுகள் ஒலித்தன. அந்த ஓசை மறுபடி பலகையை அதிரச் செய்தது. அட்டையின் தொடக்க வரம்பை உயர்த்தினால் அது நிற்கும்; ஆனால் அவருடைய மெல்லிய விரல் அடிகளும் மறைந்துவிடும். "அதை மட்டும் குறைச்சிராதீங்க சார், அதுலதான் என் வாசிப்பு இருக்கு" என்றார். வரம்பைத் தொடவில்லை. பாஸ் பெட்டிகளை மேடையிலிருந்து இறக்கி மணலில் வைத்தோம்.

இரண்டு மணி வரை வாசித்தார். நடுவில் நான்காவது பேடின் தகடு விரிசல் விட, மூன்றை வைத்தே ஒப்பேற்றினார். இப்போது அந்தப் பேடுக்குள் இருப்பது, அவர் பேத்திக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்து அட்டையிலிருந்து பிரித்தெடுத்த தகடு.