அரசு வக்கீல் யாருடைய வக்கீல்?

சட்டமன்றத் தேர்தல் முடிந்து ஆட்சி மாறிவிட்டால் திருவண்ணாமலையில் இரண்டு பேச்சுகள் ஓடும். பெரிய கோயிலுக்கு யார் அறங்காவலர் என்பது ஒன்று. ‘அடுத்த பி.பி. யாருப்பா?’ என்பது இன்னொன்று. முதல் பேச்சில் தேரடித் தெருவே கலந்துகொள்ளும். இரண்டாவது, கருப்பு கோட்டுக்காரர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் இடையில் டீக்கடையோடு முடிந்துபோகும். ஊருக்கு அதில் அக்கறை இல்லை. ஆனால் அறங்காவலர் குழு மாறினாலும் அண்ணாமலையாருக்கு ஆறு கால பூஜை நடந்துகொண்டுதான் இருக்கிறது. அரசு வக்கீல் மாறினால் வழக்கு நின்றுபோகலாம். நிற்பதோடு விட்டால்கூடப் பரவாயில்லை, எதிர்த்திசையில் நடக்கவும் தொடங்கலாம்.

பி.பி. என்கிற பப்ளிக் பிராசிக்யூட்டர் போலீசின் வக்கீல் அல்ல, ஆளுங்கட்சியின் வக்கீலும் அல்ல. குற்றம் என்பது பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் இழைக்கப்பட்டதில்லை, சமூகத்துக்கே இழைக்கப்பட்டது என்ற கருத்தின்மேல்தான் நவீன குற்றவியல் சட்டம் நிற்கிறது. அந்தச் சமூகத்தின் சார்பில் எழுந்து பேசுகிறவர் இவர். அதனால்தான் செஷன்ஸ் கோர்ட்டில் மகனைப் பறிகொடுத்த தாய், தான் நம்புகிற வக்கீலைக் கொண்டுவந்து வழக்கை நடத்திவிட முடியாது. அவர் வைக்கிற வக்கீல் பி.பி.யின் சொல்படி பக்கத்தில் உட்காரலாம், அனுமதி பெற்றுக் கடைசியில் எழுத்து மூலம் வாதம் கொடுக்கலாம், அவ்வளவுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் வருட விதிகள் மட்டும் பாதிக்கப்பட்டவர் விரும்பும் மூத்த வக்கீலை நியமிக்கக் கலெக்டருக்கு வழி கொடுத்திருக்கின்றன. ஆனால் அந்த வழியும் தானாகத் திறப்பதில்லை. கோகுல்ராஜ் கொலை வழக்கில் அரசு வைத்த வக்கீலை மாற்றவேண்டும் என்று தாய் உயர் நீதிமன்றம்வரை போராடிய பிறகுதான் ப.பா.மோகன் வந்தார். 2022 மார்ச்சில் கிடைத்த தண்டனையை அந்தப் போராட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

இந்த வக்கீல் எப்படி வருகிறார்? 1973ஆம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18ஆம் பிரிவும் சொல்வது ஒன்றுதான். கலெக்டர், செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து, ஏழு வருடமாவது தொழில் செய்த வக்கீல்களின் பட்டியல் தயாரிக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவரை அரசு நியமிக்கக் கூடாது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடப்பில் அந்தப் பட்டியல் கலெக்டர் ஆபீசுக்கு வருவதற்கு முன்னால் எந்த ஆபீஸில் எழுதப்படுகிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாதாடும் உதவி அரசு வக்கீல்கள் தேர்வாணையப் பரீட்சை எழுதி வருகிற நிரந்தர ஊழியர்கள். ஆட்சி மாறினாலும் அவர்களைச் சும்மா தூக்க முடியாது. கொலை, பாலியல் வன்முறை, வன்கொடுமை விசாரிக்கப்படும் செஷன்ஸ் கோர்ட்டில்தான் அரசின் ‘விருப்பம் உள்ளவரை’ நீடிக்கிறவர்கள். சைக்கிள் திருட்டுக்குப் பாதுகாக்கப்பட்ட வக்கீல், கொலைக்குத் தேர்தலோடு வந்து தேர்தலோடு போகிற வக்கீல். ‘அதிகாரம் எங்கும் பரவியிருக்கிறது’ என்று எழுதுகிறவர்கள் அது குறிப்பாக எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க விரும்பினால் இந்த நாற்காலியைப் பார்க்கலாம்.

ஒட்டுமொத்தமாகத் தூக்கியெறிந்த கதைக்கு உத்தரப் பிரதேசத்துக்குப் போக வேண்டும். முலாயம் சிங் யாதவ் முதல்வராகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. 1990 பிப்ரவரி 6ஆம் தேதியிட்ட ஒரே சுற்றறிக்கை, மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலும் எல்லா அரசு வக்கீல்களையும் அந்த மாதக் கடைசியோடு வீட்டுக்கு அனுப்பியது. பதவிக்காலம் பாக்கி இருந்ததா, வேலையில் குறை உண்டா என்றெல்லாம் பார்க்கவில்லை. அதே வருடம் செப்டம்பரில் ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி ஜே.எஸ்.வர்மாவின் தீர்ப்பு தெளிவானது: இது வெறும் கட்சிக்காரர்–வக்கீல் ஒப்பந்தம் இல்லை, பொதுத்தன்மை கொண்ட பதவி, காரணமில்லாமல் நீக்குவது சமத்துவ உரிமைக்கு விரோதம். பதினான்கு வருடம் கழித்து, அதே மாநிலத்தின் ஜோரி மால் வழக்கில், 2004இல், அதே நீதிமன்றம் பதவி நீட்டிப்பு கேட்க வக்கீலுக்கு உரிமை இல்லை, அரசின் தேர்வில் நீதிமன்றம் ரொம்பத் தலையிட முடியாது என்றது. அரசாங்கங்கள் எந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டன என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

ஆனால் நம் ஊர்க் கதை உ.பி.யைவிட நுட்பமானது. இங்கே சுற்றறிக்கைகூடத் தேவைப்படவில்லை.

ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கில் 1997இல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. 2000 ஆகஸ்டு வாக்கில் அரசுத் தரப்பில் 250 சாட்சிகளை விசாரித்து முடித்தாகிவிட்டது, மிச்சம் பத்துப் பேர்தான். 2001 மே மாதம் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. முதல் குற்றவாளி முதல்வரானார், நடுவில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இறங்கி, 2002இல் மறுபடி முதல்வரானார். பழைய அரசு வக்கீல்கள் போய்ப் புதியவர்கள் வந்தார்கள். ஏற்கெனவே சாட்சி சொன்னவர்களில் 76 பேரைக் குறுக்கு விசாரணைக்குத் திரும்பக் கூப்பிடச் சொல்லி எதிர்த்தரப்பு மனுப் போட்டது. அரசு வக்கீல் ஆட்சேபிக்கவில்லை. வந்தவர்களில் 64 பேர் முன்பு சொன்னதற்கு மாறாகச் சொன்னார்கள். பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லி அவர்களை மடக்கியிருக்க வேண்டிய அரசு வக்கீல் அப்போதும் எழுந்திருக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் வந்து பதில் சொல்லவேண்டிய கட்டத்தில், கேள்விகளை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். அதற்கும் மௌனம்.

இங்கே சட்டவிரோதமாக எதுவும் ‘செய்யப்படவில்லை’ என்பதுதான் விஷயம். ஒருவர் எழுந்து நிற்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தார். பதவி நீக்கத்துக்காவது ஓர் உத்தரவு உண்டு, அதற்கு எண்ணும் தேதியும் உண்டு, எதிர்த்து வழக்குப் போடலாம். மௌனத்துக்கு அரசாணை எண் கிடையாது. நீக்கப்படலாம் என்ற பயமும் நியமித்ததற்கான நன்றியும் சேர்ந்து உண்டாக்குகிற மௌனம் இது. சட்டம் எதைப் படித்தாலும் இந்த மௌனத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வதில்லை.

அதைப் படித்தவர் க.அன்பழகன். தி.மு.க.வின் பொதுச்செயலாளர். இந்தக் கட்டுரைக்கு அதைவிட முக்கியம், அன்று அவர் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர். நிர்வாகத்தைக் கேள்வி கேட்பதற்கென்றே அரசியல் சட்டம் கட்டிவைத்த மன்றத்தில், கேட்பதற்கென்றே உள்ள நாற்காலியில் இருந்தவர். ‘வழக்கை ஏன் குழிதோண்டிப் புதைக்கிறீர்கள்?’ என்பதற்கு அவருக்கு விடை வேண்டியிருந்தபோது கோட்டையில் கிடைக்கவில்லை. டெல்லிக்கு மனுவோடு போக வேண்டியிருந்தது. இவர் அரசியல் எதிரி, இவருக்கு என்ன உரிமை என்று எதிர்த்தரப்பு கேட்டது. 2003 நவம்பர் 18 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதிலின் சாரம்: அரசியல் எதிரிகள் சபைக்கு உள்ளேயும் வெளியேயும் அரசைக் கண்காணிக்கிறவர்கள், அவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது? வழக்கு பெங்களூருக்குப் போனது. அரசு வக்கீலை நியமிக்கும் பொறுப்பு, அந்த மாநிலத் தலைமை நீதிபதியைக் கலந்து செய்யும்படி, கர்நாடக அரசுக்குப் போனது.

சபைக்கு ‘உள்ளே’ என்ற சொல்லில் அடங்கியிருக்கும் கேலியை நீதிபதிகள் உத்தேசித்திருக்க மாட்டார்கள்.

பெங்களூரிலும் நாற்காலி சும்மா இருக்கவில்லை. பி.வி.ஆச்சார்யா 2012இல் விலகினார். 2013 பிப்ரவரியில் பவானி சிங் வந்தார். சில மாதத்தில் கர்நாடகத்தில் ஆட்சி மாறி, ஆகஸ்டில் அவர் நியமனத்தைத் திரும்பப் பெற்றார்கள். அவரை நீக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியவர் யார் தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவர். தன்னைத் தண்டிக்கச் சொல்லி வாதாடவேண்டியவர் நீடிக்கவேண்டும் என்று குற்றவாளிக் கூண்டிலிருந்து ஒருவர் மன்றாடுவதை உலகில் வேறெங்காவது பார்க்க முடியுமோ என்னவோ. அந்த நீக்கம் ரத்தானது. 2014 செப்டம்பர் 27இல் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அதே பவானி சிங்கைத் தமிழ்நாடு அரசே நியமித்தது. 2015 ஏப்ரல் 27இல் அதற்கு அந்த அரசுக்கு அதிகாரமே இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அதற்குள் வாதங்கள் முடிந்திருந்தன. மே 11இல் விடுதலை. 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீட்டபோது முதல் குற்றவாளி உயிரோடு இல்லை.

இதை ஒரு கட்சியின் பாவமாக எழுதி முடித்தால் வசதியாக இருக்கும். உண்மையாக இருக்காது. 2006இல் வந்த தி.மு.க. ஆட்சி ஓ.பன்னீர்செல்வம் மீது போட்ட சொத்து வழக்கு, 2012இல் அவர் கட்சி ஆட்சியில் அரசு வக்கீலின் மனுவால் வாபஸானது. 2021இல் தி.மு.க. வந்த பிறகு, அமைச்சர்கள் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு மீதான வழக்குகளில் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு ‘மேல் விசாரணை’யில் புதிய வெளிச்சம் கிடைத்து, அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாகவே இவற்றைக் கையிலெடுத்து, 2024இல் மூன்று பேர் விஷயத்திலும் அந்த உத்தரவுகளை ரத்து செய்தார். அவருடைய உத்தரவுகளுக்கு உச்ச நீதிமன்றம் அந்த வருடமே இடைக்காலத் தடை கொடுத்தது. எது நியாயமான வழக்கு, எது பழிவாங்கல் என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அதே ஆவணங்களை வைத்துக்கொண்டு அரசுத் தரப்பு தேர்தலுக்குத் தேர்தல் வேறு வேறு முடிவுக்கு வருகிறது என்பதுதான் பிரச்சினை.

சட்டமன்றம் இதைப் பார்க்க முடியாதா? ஏட்டளவில் முடியும். நீதி நிர்வாக மானியக் கோரிக்கையில்தான் அரசு வக்கீல்களின் பணம் ஓட்டுக்கு வருகிறது. அரசியல் சட்டத்தின் 177ஆம் பிரிவுப்படி அட்வகேட் ஜெனரல் சபைக்குள் வந்து பேசலாம். ஆனால் அவரும் 165ஆம் பிரிவுப்படி ‘விருப்பம் உள்ளவரை’ இருப்பவர். குறிப்பிட்ட வழக்கைப் பற்றி உறுப்பினர் வாயைத் திறந்தால் ‘நீதிமன்றத்தில் உள்ளது’ என்ற விதி வந்து நிற்கும். நீதிமன்றத்தின் மரியாதையைக் காக்க வந்த விதி, நீதிமன்றத்தில் அரசு வாய்மூடி இருப்பதைக் காக்கும் விதியாகிவிடுகிறது. எதிர்க்கட்சியினர் தலைமை தாங்கும் பொதுக்கணக்குக் குழு கணக்கைத்தான் பார்க்கும், 64 சாட்சிகளை ஏன் மடக்கவில்லை என்று கேட்காது. கேரளத்தில் 1980 முதல் துறைவாரி சட்டமன்றக் குழுக்கள் இருக்கின்றன. இருந்தும் 2015 பட்ஜெட் நாளில் சபைக்குள் மேஜை நாற்காலிகளை உடைத்த உறுப்பினர்கள் மீதான வழக்கை, அவர்கள் தரப்பு ஆட்சிக்கு வந்ததும் வாபஸ் வாங்க அரசு வக்கீல் மனுப் போட்டார். 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம்தான் மறுத்தது.

அமெரிக்கக் கதையை இங்கே சொல்வதில் பிரயோஜனம் உண்டு. 2006 டிசம்பர் 7ஆம் தேதி ஒரே நாளில் ஏழு மத்திய அரசு வக்கீல்களை புஷ் நிர்வாகம் நீக்கியது. ஆளுங்கட்சி காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரை லஞ்ச வழக்கில் சிறைக்கு அனுப்பக் காரணமாக இருந்த சான் டியாகோவின் கரோல் லாம் அவர்களில் ஒருவர். ஜனாதிபதி விரும்பும்வரைதான் அங்கும் பதவி. ஆனால் காங்கிரஸ் கமிட்டிகள் அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டன, உள் கடிதங்களை வாங்கிப் பிரசுரித்தன. இடைக்கால வக்கீல்களைச் செனட்டின் ஒப்புதல் இல்லாமல் காலவரையின்றி வைத்துக்கொள்ள முந்தைய வருடம் கொடுத்த சட்டப் பிரிவை 2007இல் நீக்கின. அட்டர்னி ஜெனரல் கொன்சாலஸ் ராஜினாமா செய்தார். அமெரிக்க ஜனநாயகத்தின் பெருமை என்று இதைப் பாட வேண்டாம். 2006 நவம்பர் தேர்தலில் காங்கிரஸ் எதிர்க்கட்சி கைக்குப் போயிருந்தது, அதுதான் ரகசியம். அங்கே சபையும் நிர்வாகமும் வேறு வேறு கையில் இருக்க வாய்ப்புண்டு. இங்கே சபையில் பெரும்பான்மை இருப்பதால்தான் அவர் முதல்வர். கண்காணிக்கவேண்டிய கையும் கண்காணிக்கப்படவேண்டிய கையும் ஒரே உடம்பில் இருக்கின்றன.

எனவே ‘சட்டமன்றம் கண்காணிக்க வேண்டும்’ என்று தீர்மானம் போடுவதில் அர்த்தமில்லை. குறைந்தபட்சமாகச் சிலவற்றைக் கேட்கலாம். செஷன்ஸ் கோர்ட் வக்கீல்களுக்கும் நிச்சயமான பதவிக்காலம். நீக்கினால், வழக்கை வாபஸ் வாங்கினால், காரணத்தை எழுதி சபையில் வைக்கும் கட்டாயம். அதைப் பார்க்க எதிர்க்கட்சித் தலைமையில் ஒரு குழு. இவற்றை எந்த ஆளுங்கட்சியும் தானாகத் தராது, எதிர்க்கட்சியாக இருக்கும்போதுகூட வாய்விட்டுக் கேட்காது, அடுத்த முறை தனக்கு வேண்டுமே!

தோழர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கலெக்டர் தயாரிக்கும் வக்கீல் பட்டியல் ஓர் அரசு ஆவணம். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடலாம்: 18ஆம் பிரிவின்படியான பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது, செஷன்ஸ் நீதிபதியை எந்தத் தேதியில் கலந்தார்கள், வன்கொடுமை வழக்குகளுக்கான வக்கீல் பட்டியல் கடைசியாக எப்போது பரிசீலிக்கப்பட்டது. மூன்று கேள்வி போதும். பதில் வந்தால் பக்கத்து மாவட்டத்துப் பதிலோடு வைத்துப் பார்க்கலாம். முப்பது நாளில் வராவிட்டால் மேல்முறையீடு இருக்கிறது.