உஷார்! ‘இனி பயமில்லை’ என்று நினைக்கும் நாளில்தான் கொசு ஜெயிக்கிறது

மழை விட்டுவிட்டது. தேங்கிய தண்ணீர் காய்ந்துவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சலும் இறங்கிவிட்டது. இந்த மூன்றில் எதை நம்பியும் அசந்துவிடாதீர்கள். கொசு விஷயத்தில் மனிதன் வாங்கிய பெரிய அடிகள் பலவும், ‘அப்பாடா, தொலைந்தது’ என்று மூச்சு விட்ட நேரத்தில் விழுந்தவைதான். ஒரு நாடே அப்படி ஏமாந்த கதை, கடல் தாண்டி இதோ பக்கத்திலேயே இருக்கிறது.

17 பேரிலிருந்து 5 லட்சம் பேர்

1934-ல் இலங்கையில் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றி, குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியா கொசுவுக்கு அந்தக் குட்டைகளே போதுமாக இருந்தன. வழக்கமாக மழை கொட்டும் தென்மேற்குப் பகுதி மக்களுக்கு மலேரியா அவ்வளவாகப் பழக்கமில்லை. உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. 1935 முடிவதற்குள் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். ‘வெயில் காலத்தில் கொசு ஏது?’ என்று கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி என்ற பூச்சிமருந்து வந்தது. வீடு வீடாகப் போய்ச் சுவரில் அடித்தார்கள். நோய் மளமளவென்று குறைந்தது. 1963-ல் தீவு முழுக்கப் பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர்! வேலை முடிந்தது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். கண்காணிப்பும் தளர்ந்தது. 1969-ல், அந்த ஒரே ஆண்டில், 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மலேரியாவில் படுத்தார்கள். மறுபடி டிடிடியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கொசு அதற்குப் பழக ஆரம்பித்திருந்தது.

அந்த அசட்டையைச் சரிக்கட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2012-க்குப் பிறகுதான் உள்ளூர்த் தொற்று நின்றது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் கடைசியில் மன்னாரில், அதுவரை அந்தத் தீவில் இல்லாத ஒரு மலேரியா கொசு கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் அனாபிலஸ் ஸ்டீபன்சி. கிணற்றுத் தண்ணீரிலேயே குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தது.

மொட்டைமாடியில் வளரும் மலேரியா

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கொசு புதிதல்ல. இதற்கு வயலோ சேறோ சாக்கடையோ வேண்டாம். நாம் குடிக்கச் சேர்த்துவைக்கும் நல்ல தண்ணீர் போதும். கிணறு, சம்ப், மூடி உடைந்த மேல்நிலைத் தொட்டி, கட்டடம் கட்டும் இடத்தில் க்யூரிங்குக்குத் தேக்கிய தண்ணீர் எல்லாம் இதன் வீடுதான். தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு நெடுங்காலமாகச் சென்னையிலேயே பதிவானதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இந்த நகரத்துக் கொசு இப்போது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இது 2012-ல் பிடிபட்டது. அந்த ஆண்டு அங்கே மலேரியா நோயாளிகள் 27 பேர். மலேரியாவை ஒழித்தே விட்டோம் என்று சொல்லுமளவுக்கு அந்த நாடு நெருங்கியிருந்தது. 2020-ல் எண்ணிக்கை 73,000-ஐத் தாண்டியது. எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில் 2022-ல் மழையில்லாத மாதங்களிலேயே மலேரியா பரவியது. உலகில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் பேரை மலேரியா கொல்கிறது; பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். ஸ்டீபன்சி வரும்வரை அங்கே மலேரியா கிராமத்து நோயாக, மழைக்கால நோயாகவே பெரிதும் இருந்தது. ஸ்டீபன்சி நுழைந்த நகரங்களில் அந்தக் கணக்கு இனி செல்லாது.

காய்ந்த தொட்டியை நம்பாதீர்கள்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் இன்னும் பொல்லாதது. அது தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கிறது. டார்ச் அடித்துப் பாருங்கள்: தொட்டி விளிம்பில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் அவை சாவதில்லை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு, அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரிகின்றன. வெப்பமான நாட்களில் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

மலேரியா இல்லாத நாடு என்று பேர் வாங்கிய மறு ஆண்டே, 2017-ல், இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. ஒரு கொசுவை அடக்கிவிட்டோம் என்பதால் இன்னொன்று சும்மா இருக்காது.

காய்ச்சல் விட்டதா? இப்போதுதான் உஷார்!

டெங்குவில் உயிருக்கு ஆபத்தான கட்டம் காய்ச்சல் கொதிக்கும்போது வருவதைவிட, அது இறங்கும்போதுதான் அதிகம் வருகிறது. பொதுவாகக் காய்ச்சல் தொடங்கிய 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் உடம்பு குளிர்கிறது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிறார்கள். சிலருக்கு ரத்த நாளங்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிட்டுப்போவது, சிறுநீர் குறைவது, பிள்ளை சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது – இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நிலவேம்புக் குடிநீர் கொடுத்தாயிற்று, பப்பாளி இலைச்சாறு கொடுத்தாயிற்று என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

‘ஒரு தடவை வந்துவிட்டது, இனி வராது’ என்ற தைரியமும் வேண்டாம். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் நோய் முற்றும் அபாயம் கூடுதல்.

மலேரியாவிலும் இதே ஏமாற்றுதான். வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் பதுங்கிக்கொள்ளும். காய்ச்சல் நின்றதே என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால், சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடி குளிரும் நடுக்கமுமாக வரும். அப்போது உங்களைக் கடிக்கும் கொசு அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கும். டாக்டர் எழுதிய நாட்கள் முழுக்கச் சாப்பிட்டே ஆக வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

• மாடிக்கு ஏறுங்கள். தொட்டி மூடி இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். வழிந்தோடும் குழாய் வாயில் வலை கட்டுங்கள். கிணற்றுக்கும் சம்ப்புக்கும் அப்படியே.

• வாரம் ஒரு நாள் குடம், டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, ஏர்கூலர் எல்லாவற்றையும் காலி செய்து, உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். பழைய டயர், கொட்டாங்கச்சி, உடைந்த ஆட்டுக்கல்லை வெளியில் போட்டுவைக்காதீர்கள்.

• புகை அடித்துவிட்டார்கள் என்று இருந்துவிடாதீர்கள். புகை, பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியில் நெளியும் புழு அடுத்த சில நாளில் பறக்கும்.

• ஏடிஸ் பகலில் கடிக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை நல்லது. பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள். மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் அந்தி சாய்ந்த பிறகு கடிக்கும். ராத்திரியும் வலை வேண்டும்.

• காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

• கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சி, பஞ்சாயத்துப் பணியாளரை வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டு மாடி ஒன்று போதும், தெருவே படுத்துவிடும்.

உங்கள் தெருவில் இந்த மாதம் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லையா? மகிழ்ச்சி. இலங்கையிலும் 1963-ல் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ஆகவே முதலில் தொட்டி மூடியைத் தூக்கிப் பாருங்கள். சந்தோஷத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.