சுழியமும் ஐம்பதும்: அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் ஒரு மதிப்பெண் விவாதம்

1912ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் ஆகிய இருவரும் ஓர் எளிய சோதனையை மேற்கொண்டனர். மாணவர் எழுதிய ஆங்கில விடைத்தாள்கள் இரண்டைப் படியெடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பி மதிப்பெண் இடுமாறு வேண்டினர். ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரையிலும், மற்றொன்றுக்கு 50 முதல் 97 வரையிலும் மதிப்பெண்கள் வந்து சேர்ந்தன. மொழிப்பாடத்தில் இஃது இயல்பே என்று கூறியவர்களுக்கு விடையாக, அடுத்த ஆண்டே வடிவக்கணிதத் தாள் ஒன்றை அனுப்பினர். அங்கே வேறுபாடு இன்னும் பெருகிற்று. ஆண்டுதோறும் விடைத்தாள் கட்டுகளோடு அமரும் என்போன்றோருக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. காலையில் திருத்தும் கண்ணும் மாலையில் திருத்தும் கண்ணும் ஒன்றல்ல என்பதைத் திருத்தியவர் அறிவர்.

இப்பழைய ஐயம் அண்மைக் காலத்தில் அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் புதிய வடிவம் கொண்டு எழுந்துள்ளது. ஜோ ஃபெல்ட்மன் என்னும் கல்வியாளர் 2018இல் வெளியிட்ட நூல் அதற்குப் பெயரும் வடிவமும் தந்தது. ‘ஈக்விட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லை அவ்வியக்கம் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது. அதனைச் ‘சமத்துவம்’ எனப் பெயர்த்தல் பொருந்தாது. எல்லார்க்கும் ஒரே அளவு தருவது சமத்துவம், அவரவர் நிலையறிந்து தருவது ஈக்விட்டி. வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கே தலைப்பாக்கிய ‘ஒப்புரவு’ என்னும் சொல் ஓரளவு அருகில் வரும். எனினும் அது கொடையைச் சார்ந்தது, இது நீதியைச் சார்ந்தது. ஆகவே இக்கட்டுரையில் ‘நிலைநோக்கு நீதி’ என்றே வழங்குகிறேன்.

இம்முறையினர் கூறுவது யாது? மதிப்பெண் என்பது மாணவன் கற்றதை மட்டுமே காட்டவேண்டும். காலந்தாழ்த்தி ஒப்படைத்தல், வகுப்புக்கு வராமை, நடத்தை ஆகியன அதில் கலத்தல் கூடாது. வீட்டுப்பாடம் பயிற்சியேயாதலின் அதற்கு மதிப்பெண் வேண்டா. தேர்வில் தவறியவன் மீண்டும் எழுதலாம். இவற்றின் அடியில் உள்ள காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தனியறையும் மேசையும் உதவும் தாய்தந்தையரும் உள்ள பிள்ளை வீட்டுப்பாடத்தை முடித்து வருகிறது. பள்ளி விட்டதும் கடைக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளை முடிக்காமல் வருகிறது. இருவர்க்குமிடையே உள்ள மதிப்பெண் வேறுபாடு அறிவின் வேறுபாடா, வீட்டின் வேறுபாடா என்பதே அவர்களது வினா.

மிகுந்த பூசலை விளைத்தது சுழியம் பற்றிய விதியாகும். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் 90க்கு மேல் ஏ, 80க்கு மேல் பி, 70க்கு மேல் சி, 60க்கு மேல் டி, அதற்குக் கீழ் எஃப், அதாவது தோல்வி. வெற்றிக்குரிய படிகள் பத்துப் பத்து எண்களாக அமைய, தோல்விக்கு மட்டும் அறுபது எண்கள்! மூன்று ஒப்படைப்புகளில் 85 பெற்ற மாணவி நான்காவதை ஒப்படைக்கத் தவறிச் சுழியம் பெற்றால், அவளுடைய சராசரி 63.75 ஆகும், பி நிலையிலிருந்து டி நிலைக்கு வீழ்கிறாள். சுழியத்திற்குப் பதில் 50 இட்டால் சராசரி 76.25, சி நிலை. ஒரு தவறு மூன்று நற்செயல்களை விழுங்குவது கணக்கின் பிழையே என்று டக்ளஸ் ரீவ்ஸ் என்பார் 2004ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். ஆகவே மிகக் குறைந்த மதிப்பெண் 50 எனப் பல பள்ளி மாவட்டங்கள் விதித்தன.

எதிர்ப்பும் வலிதாகவே எழுந்தது. 2025 மே மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ கல்வி மாவட்டம், 14 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 70 ஆசிரியர்களுக்கு இம்முறையில் பயிற்சி அளிக்கத் திட்டமிட்டது. நகர மேயர் டேனியல் லூரியும், நாடாளுமன்ற உறுப்பினர் ரோ கன்னாவும் வெளிப்படையாகக் கண்டித்தனர். சில நாட்களுக்குள் கண்காணிப்பாளர் மரியா சூ திட்டத்தைக் கைவிட்டார். பல்கலைக்கழக இடத்திற்காக இரவுபகலாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், தம் மக்களின் உழைப்பு மலிவாக்கப்படுவதாகவே எண்ணினர். அவ்வெண்ணத்தைப் பொறாமை எனத் தள்ளுதல் முறையன்று.

வாதங்களை விட்டுச் சான்றுகளுக்கு வருவோம். வட கரோலினா மாநிலம் 2015-16ஆம் கல்வியாண்டு முதல் தன் அளவுகோலைத் தளர்த்தியது. முன்பு 93க்கு வழங்கிய ஏ, 90க்கே கிட்டிற்று. 70க்குக் கீழ் தோல்வி என்றிருந்தது 60க்குக் கீழ் என்றாயிற்று. இது நிலைநோக்கு நீதியின் பெயரால் செய்யப்பட்டதன்று. எனினும் தளர்வின் பயனை அளக்க நல்லதோர் உரைகல். ஆராய்ந்தோர் கண்ட முடிவு எதிர்பார்ப்புக்கு மாறானது. சராசரி உயர்ந்தது பெரும்பாலும் முன்னணி மாணவர்க்கே, பின்தங்கிய மாணவர் வகுப்புக்கு வராத நாட்கள் மிகுந்தன, இடைவெளி அகன்றது. அம்மாநிலத்திலேயே சேத் கெர்ஷன்சன் செய்த வேறோர் ஆய்வு, கண்டிப்பாக மதிப்பெண் இடும் இயற்கணித ஆசிரியரிடம் பயின்ற மாணவர் மிகுதியாகக் கற்றதாகக் காட்டியது. 2025இல் வெளியான நாடளாவிய ஆசிரியர் கருத்தாய்வில், ஒப்படைக்காத பணிக்கு மதிப்பெண் அளிப்பது மாணவர் ஈடுபாட்டைக் கெடுக்கும் என்று பத்தில் எட்டுப் பேர் கூறினர்.

என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. நடத்தையையும் அறிவையும் வேறுபடுத்திக் காட்டவேண்டும் என்பதில் ஃபெல்ட்மனோடு உடன்படுகிறேன். ஒழுக்கத்திற்குத் தண்டனையாக அறிவின் எண்ணைக் குறைப்பது, உப்பை நிறுக்க முழக்கோலை எடுப்பது போன்றது. மறுதேர்வும் நன்றே. ஆனால் எழுதாத தாளுக்கு 50 என்பதை என் மனம் ஏற்கவில்லை. சுழியத்தின் கணக்குப் பிழையைத் தீர்க்க அவ்வியக்கத்தாரே பரிந்துரைக்கும் 0 முதல் 4 வரையிலான அளவுகோல் போதும். அதில் ஒவ்வொரு படியும் சம அளவினது, சுழியமும் சுழியமாகவே நிற்கும்.

இன்னுமொன்றும் உண்டு. ‘ஏசிடி’ என்னும் நுழைவுத்தேர்வு அமைப்பின் கணக்குப்படி, அத்தேர்வை எழுதிய மாணவரின் பள்ளிச் சராசரி 2010இல் 3.22 ஆக இருந்து 2021இல் 3.39 ஆக உயர்ந்தது. தேர்வு மதிப்பெண்ணோ உயரவில்லை. வசதியுள்ள பெற்றோர்க்கு இந்த இடைவெளி தெரிந்துவிடும். தனிப்பயிற்சி ஆசிரியர் சொல்லிவிடுவார். இரு வேலை பார்த்து இரவில் வீடு திரும்பும் தாய்க்குத் தன் மகன் என்ன கற்றான் என்று சொல்லும் தாள் ஒன்றே ஒன்றுதான். அதில் 50 என்று எழுதியிருந்தால், அவன் பாதி கற்றிருக்கிறான் என்றே அவள் நம்புவாள்.