கல்லூரி ஆட்டம், செவன்ஸ் காசு

அமெரிக்கக் கல்லூரி வீரருக்கு விளம்பரத்தில் கோடிகள். கேரளத்து வீரருக்கோ அரசு வேலைதான் கனவு

கேரளத்தில் ஆனைக்கரை என்று இரண்டு ஊர்கள். ஒன்று இடுக்கி மலையில், ஏலத் தோட்டங்களுக்கு நடுவே. மற்றொன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலப்புரத்தைத் தொட்டுக்கொண்டு. இடுக்கி ஓட்டக்காரர்களின் பூமி: ஷைனி வில்சன், பீனாமோள், பிரீஜா ஸ்ரீதரன் எல்லாருமே அந்த மாவட்டத்துப் பெண்கள். மேற்குப் பாலக்காட்டிலோ பேச்சே கால்பந்துதான். அதுவும் அணிக்கு 7 பேர் ஆடும் செவன்ஸ்.

அறுவடை முடிந்ததும் தற்காலிக கேலரிகள் எழும்புகின்றன. இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். டிக்கெட் விற்பனையும் உள்ளூர்க் கடைக்காரர்களின் ஆதரவும்தான் மூலதனம். சில அணிகளுக்குப் பெயரே விளம்பரம். கோழிக்கோட்டு அணி ஒன்றின் பெயர் ராயல் டிராவல்ஸ். ஆடுபவருக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ரொக்கம். ஆப்பிரிக்காவிலிருந்துகூட வீரர்கள் வருகிறார்கள். 2018ல் வெளியான 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' படம் காட்டியது இந்த உலகத்தைத்தான். கல்லூரி மாணவருக்கும் கைக்காசு இங்கேதான் கிடைக்கிறது. காலில் அடிபட்டால் அந்த சீசன் வருமானம் அவ்வளவுதான்.

கல்லூரி தருவது வேறு: விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், ஸ்போர்ட்ஸ் கவுன்சில் விடுதியில் சாப்பாடு, தேர்வில் கருணை மதிப்பெண். கோழிக்கோடு பல்கலைக்கழகம் அகில இந்தியப் பட்டத்தைப் பலமுறை வென்றிருக்கிறது. ஆனால் அதன் கோல்கீப்பர் பெயரைக் கேட்டால் சொந்த மாநிலத்திலேயே பலர் விழிப்பார்கள். முகம் தெரியாதவருக்கு விளம்பரம் யார் தருவார்?

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். கல்லூரிப் போட்டிகளுக்கே லட்சம் பேர் கூடுகிறார்கள். இருந்தும் 2021 ஜூலை வரை வீரர்கள் தம் பெயரையும் முகத்தையும் விற்கத் தடை. தடை நீங்கிய அதே மாதம், அலபாமா அணியின் பிரைஸ் யங் முதன்மை ஆட்டக்காரராக ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்காமலே கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் விளம்பர ஒப்பந்தங்களை எட்டியதாக அவரது பயிற்சியாளர் நிக் சாபன் சொன்னார்.

2025 ஜூனில் ஒரு நீதிமன்றத் தீர்வு, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்டது. முதல் ஆண்டு உச்சவரம்பு கல்லூரிக்கு சுமார் 2.05 கோடி டாலர். நம் கணக்கில் 170 கோடி ரூபாய்க்கு மேல்! வரம்பு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் டிவி வருமானம் கொழிக்கும் பெரிய கல்லூரிகள் அதைத் தொட முடிகிறது; சின்னக் கல்லூரிகள் பாதியைக்கூட எட்டுவது சிரமம். வெளியார் தரும் விளம்பரப் பணம் இந்த வரம்பில் சேராது. ஆகவே பணக்கார முன்னாள் மாணவர்களும் ரசிகர்களும் உள்ள கல்லூரிக்கே மறுபடியும் லாபம்.

கேரளத்தில் வீரர்களை வளர்த்தது விளம்பரம் அல்ல, அரசுச் சம்பளம். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயனைக் கேரள போலீஸ் எடுத்துக்கொண்டது. 1990லும் 1991லும் அந்த அணி ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. விளையாட்டு வீரர்களுக்கென்று மாநில அரசு ஒதுக்கும் பணியிடங்கள் ஆண்டுக்கு 50. கால்பந்து, தடகளம், வாலிபால் எல்லாம் சேர்த்துத்தான்.