வீட்டுக்கு வடிவம் தந்தது எது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது காற்று குளிர்வதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். ஏற்காடு சேலம் நகரைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறையும். அப்படியானால் ஏற்காட்டில் சேலத்தைவிட ஏறத்தாழ 8 டிகிரி குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? மழையும் அங்கே மிகுதி.

இந்தச் சேர்வராயன் மலையில் உள்ள வெள்ளக்கடை போன்ற ஊர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். மலையில் வாழ்பவர் என்பதே இப்பெயரின் பொருள். கேரள மக்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குளிரையும் மழையையும் இவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

புல்லுக்குள் ஒளிந்த காற்று

இவர்களுடைய பழைய வீடுகளில் சுவர் மூங்கில் பிளாச்சுகளால் பின்னி மண் பூசியது. கூரை மலைப்புல்லால் வேய்ந்தது. புல்லின் தாள்களுக்கு இடையே எண்ணற்ற சிறு காற்றறைகள் உண்டு. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி நம்மைக் குளிரிலிருந்து காப்பதும் இதனால்தான். ஒரே கனமுள்ள புற்கூரையையும் கான்கிரீட்டையும் ஒப்பிட்டால், கான்கிரீட் ஏறத்தாழ இருபது மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். கூரையைச் சரிவாக அமைப்பதால், மழைநீர் உள்ளே இறங்குமுன் வழிந்து ஓடிவிடும்.

ஆக, வீட்டுக்கு வடிவம் தந்தது தட்பவெப்பம்தான் என்று முடிவு செய்யலாமா? அவசரப்பட வேண்டாம்!

ஒரே குளிர், வேறு வீடு

நீலகிரிக்குப் போவோம். அங்கே குளிர் இன்னும் கடுமை. தோடர்களின் கூரையும் புல்தான். ஆனால் அவர்களின் மரபு வீடு பீப்பாயை நெடுக்காக வெட்டிக் கவிழ்த்தாற்போல் வளைந்திருக்கும். தவழ்ந்துதான் நுழைய முடியும். வாசல் அவ்வளவு சிறியது. தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். பால் அவர்களுக்குப் புனிதமானது. ஆகவே பால் மனையே அவர்களின் கோயில். அதுவும் பெரும்பாலும் இதே வளைந்த வடிவந்தான்.

சேர்வராயன் மலை மக்களோ சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்த உழவர்கள். தானியம் வைக்கப் பரண் வேண்டும். கதிர் அடிக்கக் களம் வேண்டும். உறவினர் கூடி உட்காரத் திண்ணை வேண்டும்.

இரண்டு மலைகளிலும் இயற்பியல் விதி ஒன்றே. அது எந்தப் பொருள் குளிரைத் தடுக்கும் என்பதைச் சொல்லும். ஆனால் வாசல் எவ்வளவு உயரம், எந்த இடம் புனிதம், முற்றம் யாருக்கு என்பவற்றைச் சொல்லாது. அவற்றை முடிவு செய்வது 'நாங்கள் யார்' என்று அந்த மக்கள் கொண்டிருக்கும் எண்ணம். கட்டடக்கலை அறிஞர் அமோஸ் ராப்பபோர்ட் 1969-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விரிவாக நிறுவினார்.

நல்ல வீடு, ஆளில்லாத ஊர்

இதை மறந்தால் என்ன ஆகும்? எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்ற சிறந்த கட்டடக் கலைஞர் 1940-களில் புதிய கூர்னா என்ற ஊரைக் கட்டினார். களிமண் கற்கள், வளைவுக் கூரைகள், குவிமாடங்கள். பாலைவன வெயிலுக்கு மிகப் பொருத்தமானவை. ஆனால் யாருக்காகக் கட்டப்பட்டதோ, அவர்களில் பெரும்பாலோர் குடிவரவில்லை. பழைய ஊரோடு அவர்கள் பிழைப்பு பிணைந்திருந்தது. இடம் மாற வேண்டும் என்று முடிவு செய்தவர்களும் அவர்கள் அல்லர்.

அப்படியானால் நம் மலையூர்களில் மீண்டும் புல்லே வேய வேண்டுமா? அப்படிச் சொல்ல நமக்கு உரிமையில்லை. புல் தீப்பிடிக்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உறுதியான வீட்டை அம்மக்கள் விரும்புவதில் வியப்பென்ன? ஆனால் சமவெளிக்கு வரைந்த அதே வரைபடத்தை மலைக்கும் கொண்டுபோனால் பரணும் களமும் திண்ணையும் காணாமல் போகும். கூரையில் காற்றறையும் இராது.

வழி இருக்கிறது. லாரி பேக்கர் (1917–2007) இமயமலையில் பித்தோரகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து அங்குள்ள வீடுகளிடமே பாடம் கற்றார். பின்னர் கேரளத்தில், கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் ஓடுகளைப் பதிக்கும் முறையைப் பரப்பினார். கான்கிரீட் இழுவிசையைத் தாங்காது. அடிப்பகுதியில் அந்த வேலையைச் செய்வது இரும்புக் கம்பியே. எனவே அங்கே கான்கிரீட்டைக் குறைத்தால் நட்டமில்லை, செலவு மிச்சம். இரண்டு ஓடுகளைச் சேர்த்து வைத்தால் இடையில் காற்றும் அடைபடும். புற்கூரையின் தத்துவமேதான்!

செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் ஓட்டு வீடு, கான்கிரீட் வீடு, தகர வீடு மூன்றிலும் பிற்பகல் 2 மணிக்கும் அதிகாலையிலும் வெப்பமானியால் அளந்து எழுதுங்கள். பிறகு அங்குள்ள பெரியவர்களிடம், "இந்த வீட்டில் உங்களுக்கு எந்த இடம் பிடிக்கும்? ஏன்?" என்று கேட்டு அதையும் எழுதுங்கள். முதல் பட்டியலுக்கு வெப்பமானி போதும். இரண்டாவது பட்டியலைக் கேட்டுத்தான் பெற முடியும். வீடு கட்ட இரண்டும் வேண்டும்.